சிவப்பாகவே நின்ற குழாய்

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். சீனிதான் கொஞ்சம் தூக்கல். சீனியைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு காரைக்குடியில் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி லேபில் என் பிழைப்பே அதுதான்.

சீதபேதிக்காரர்களின் கிருமியை ஒருவகைச் சர்க்கரை கலந்த சிவப்புத் தண்ணீர்க் குழாயில் விடுவேன். கிருமி சர்க்கரையைத் தின்றால் தண்ணீர் மஞ்சளாகும். அது அநேகமாகச் சாது. வயிற்றைக் கலக்கிவிட்டுப் போய்விடும். தின்னாமல் சிவப்பாகவே நின்றால் பொல்லாதது. குடலைப் புண்ணாக்கிவிடும்.

என் மகள் ஜரீனா தாயில்லாப் பிள்ளை. நான்தான் வளர்த்தேன். மாப்பிள்ளை ஹபீப் ரகுமான் பினாங்கில் கடை வைத்திருக்கிறான். அவளை அழைத்துக்கொள்ளக் கப்பலுக்கு டிக்கெட் அனுப்பினான். நான் தனியாக என்ன செய்வேன் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மஞ்சளான குழாயிலிருந்து கொஞ்சம் அவள் சர்பத்தில் கலந்தேன். அவள் பேதியில் படுத்துவிட்டாள், கப்பல் போய்விட்டது. அவளும் எழுந்து நடமாடினாள்.

"பயணம் வைக்கிற நேரம் பாத்துத்தான் வயித்துக்கு வருது, பாத்தீகளா அத்தா" என்று சிரித்தாள்.

போன மாதம் மாப்பிள்ளை நேரிலேயே வந்துவிட்டான். விடிந்ததும் கிளம்ப வேண்டும் என்றான். குழாய் நிறம் மாற ஒரு நாளாவது ஆகும், பொறுக்க முடியவில்லை. நேமத்தான்பட்டி நோயாளி ஒருவரின் கிருமியை அன்றுதான் குழாயில் விட்டிருந்தேன். அதைக் கலந்து கொடுத்தேன். மறுநாள் லேபில் போய்ப் பார்த்தால் அந்தக் குழாய் சிவப்பாகவே நின்றது.

ஜரீனாவை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். டாக்டர் என்னிடம் வந்தார்.

"என்ன ஹனிபா, பிள்ளைக்கு ரத்தமாப் போகுது. எந்தக் கிருமின்னு பாத்தீகளா?"

நன்றாகத்தான் யோசித்தேன். சொன்னால் மருந்தை மாற்றுவார், பிழைப்பாள். ஆனால் நேமத்தான்பட்டிக்காரரைத் தவிர அந்தக் கிருமி வேறு யாருக்கும் வரவில்லை. என் மேசையிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அப்புறம் பிழைத்தாலும் அவள் என் முகத்தில் முழிக்க மாட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மகள் எனக்கில்லை. பயமாகத்தான் இருந்தது.

"சாதாரணக் கிருமிதான் சார். தானா நின்னுரும்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பக்கத்துலயே இருக்கீகளே அத்தா, எனக்கு அது போதும்."

அவள் மூச்சு அடங்கும்வரை அந்தக் கையை நான் விடவே இல்லை. பெற்றவன் வேறென்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.