மருதம்மாளுக்கு ஒலிக்காத மணி

தலைமை ஏற்றிருக்கும், இந்த ரப்பர் தோட்டத்தின் கணக்கெழுதும் பெரிய கிராணி பரஞ்சோதி ஐயா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அழுதழுது கண் சிவந்த தாய்மார்களே! முள்வேலிக்குள் முடங்கிக் கிடக்கும் என் உடன்பிறப்புகளே! பக்கத்து ஊர் பீடோங்கில் வானொலி பழுதுபார்க்கும் ஜக்கரியாவின் பணிவான வணக்கம்.

இரங்கல் கூட்டத்தில் கரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆம் அம்மா, கரிதான். சாதாரணச் சிரட்டைக்கரி!

வெள்ளைக்காரன் அறிவித்த இந்த அவசரகாலத்தில், ஊரடங்கு மணி அடித்தபின் நம் லயத்து வீடுகளைச் சுற்றிய வேலியில் வாசல் திறக்குமா? காய்ச்சல் கண்டால் யாரைக் கூப்பிடுவது? காவல் கொட்டகை கண்ணுக்கு எட்டும், குரலுக்கு எட்டாது. வேலியை நெருங்கினால் சுடுவார்கள். காவலரைக் கூப்பிட மின்மணி வைக்கலாமென்றால் பேட்டரிக்குத் தடை. காட்டில் ஒளிந்து சண்டையிடுபவர்கள் கைக்குப் போய்விடுமாம்!

அப்போதுதான் ஆலையில் எஞ்சின் பார்க்கும் இருளப்பன் என் கடைக்கு வந்தார்.

"அண்ணே, பகல்ல டைனமோ ஓடுதுல்ல? அந்தக் கரண்ட கொஞ்சம் புடிச்சு வச்சுக்க முடியுமா?"

முடியும் என்றேன். சிரட்டைக்கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடி துளைகள். ஆலையில் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் நீர் அந்தத் துளைகளில் புகுந்து, கரியின் சுவரைத் தொட வேண்டும். தொட்ட இடத்தில்தான் மின்சாரம் தங்கும். துளை பெரிதானால் சுவர் குறைந்து தங்க இடமில்லை, மிகச் சிறிதானால் நீர் நுழைவதில்லை. கரிக்கேற்ற நீர் வேண்டும், நீருக்கேற்ற கரி வேண்டும்!

இருளப்பன் இடித்தார், சலித்தார், தகடாகத் தட்டினார். தகடு உதிர்ந்தது. தோட்டத்தில் எது உதிர்ந்தாலும் நாம் எதைத் தடவுவோம்? சரியாகச் சொன்னீர்கள், சின்னையா அண்ணே! ரப்பர் பால்! ஓட்டை வாளிக்கும் பால், அறுந்த செருப்புக்கும் பால். கரிக்கும் பால் ஊற்றினார். தகடு இறுகியது. துளைகள் அத்தனையும் அடைபட்டன. யாருக்குத் தெரிந்தது? பகலில் மணியை மாட்டிப் பொத்தானை அழுத்திப் பார்த்தார், மணி கணீரென்றது. மணியை அடித்தது ஓடிக்கொண்டிருந்த டைனமோ! தகடு அல்ல, தோழர்களே, தகடு அல்ல!

எஞ்சின் நின்று அந்தி சாய்ந்ததும் அவர் மனைவி மருதம்மாளுக்குப் பிரசவ வலி கண்டது.

"பயப்படாத புள்ள, மணி இருக்குலா!"

அழுத்தினார். ஒலிக்கவில்லை. மீண்டும் அழுத்தினார். ஒலிக்கவில்லை. லயமே கூவியது, மழை அதை விழுங்கியது. விடிந்து வாசல் திறந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. யாரை நோவேன்? பாலையா? பேட்டரிக்குப் பூட்டுப் போட்ட சட்டத்தையா? என் வயிறு எரிகிறது, ஐயா!

காரியம் முடிந்த கையோடு இருளப்பன் தகட்டை உடைத்து என்னிடம் நீட்டினார்.

"உள்ள நனையவே இல்லண்ணே."

பாலைக் கைவிட்டோம், கரியைக் கஞ்சியில் பிசைந்தோம். அளந்து தரும் அரிசியில் வீட்டுக்கொரு பிடி கொடுத்தீர்களே, தாய்மார்களே! சூளையில் சுட்டபோது கஞ்சியும் கரியானது, துளைகள் திறந்து நின்றன.

இதோ, எஞ்சின் நின்றுவிட்டது. இருளப்பன், அழுத்துங்கள்!

கேட்டீர்களா? கேட்டீர்களா? கேட்க வேண்டியவள் மட்டும் கேட்கவில்லை.

கரி தன் வேலையைச் செய்துவிட்டது, கிராணி ஐயா. இந்த மணி அடித்தால் வாசல் திறக்க வேண்டும், இன்றைக்கே! துரையிடம் சொல்வீர்களா? தலையாட்டினால் போதாது. வாய் திறந்து சொல்லுங்கள்.

"சொல்றேன்லா, ஜக்கரியா. நானே போய்ச் சொல்றேன்."

சாட்சி நீங்கள் அத்தனை பேரும். பேச இடம் தந்த உங்களுக்கு நன்றி. வாசல் அடைக்குமுன் நான் வெளியேற வேண்டும். எல்லோரும் நலமாக விடியலைக் காணுங்கள். வணக்கம்.