நூற்றுப்பத்துக்கு நான் வைத்த பெயர்

சம்பால் மிளகாய்ச் சட்னி ஒட்டிய விரலோடு அடுத்தவர் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது, சார். பாடாங் செராய் பக்கம் எங்கள் கையுறைத் தொழிற்சாலையில் பழனியாண்டி அப்படித்தான். நாசி லெமாக் சோறு பிசைந்த கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு என் திரையைத் தொட்டுத் தொட்டுப் பேசுவார். சீ, அந்த நெத்திலி நாற்றம் மத்தியானம் வரை போகாது.

என் வேலை சுத்தமானது. இயந்திரங்களை ஓட்டும் கம்ப்யூட்டரின் கெர்னல், அதாவது அதன் அடிப்படை நிரல், உள்ளே நடப்பதையெல்லாம் வெறும் எண்களாகத் துப்பும். அதை எந்த மேனேஜரும் படிக்கமாட்டார். எந்த எண்ணுக்கு என்ன பெயர் என்று நான் நிரலில் எழுதிவைத்தேன். திரையில் பெயர் மட்டும் தெரியும். நூற்றுப்பத்து என்றால், ‘கம்ப்யூட்டர் உரிய நேரத்தில் பதில் தரவில்லை.’

கையுறை அச்சுகளைத் தூக்கிச்செல்லும் சங்கிலி ஒருநாள் பழனியாண்டியின் வலது கையை இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன்.

“முகுந்தன் தம்பி, செவப்பு பட்டன அமுக்குனேன்லா. மெஷின் நிக்கல. நீங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்க தம்பி.”

சொல்லும்போது வாயோரம் எச்சில் வழிந்தது. நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

பார்த்தேன். அமுக்கித்தான் இருந்தார். நூற்றுப்பத்து வந்திருந்தது. அந்தப் பொத்தானைக் கவனிக்கும் நிரல் நான் எழுதியது, அதில்தான் கோளாறு. ஆகவே எண்ணைத் தொடாமல் பெயரை மட்டும் மாற்றினேன்: ‘ஊழியர் பொத்தானை அமுக்கவில்லை.’ விசாரணையில் எல்லோரும் பெயரைத்தான் படித்தார்கள். பழனியாண்டிக்கு வேலை போயிற்று. ஒற்றைக் கையோடு தொழிற்சாலை வாசலில் நின்று கெஞ்சினார். பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அந்தக் கோளாறையாவது சரிசெய்திருக்கலாமே என்கிறீர்கள். செய்தால், எதைச் சரிசெய்தாய் என்று கேட்பார்கள். அதனால் விட்டுவிட்டேன்.

அவர் இடத்துக்கு மருதம்மாள் அக்கா வந்தார். துப்புரவான மனுஷி, அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. போன வாரம் சங்கிலி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தது. “தம்பி, நிக்கமாட்டேங்குது தம்பி” என்று அலறியது என் அறைவரை கேட்டது. அமுக்கிக்கொண்டே இருந்தார் போல. என் திரையில் வரிவரியாக வந்தது: ஊழியர் பொத்தானை அமுக்கவில்லை. ஊழியர் பொத்தானை அமுக்கவில்லை.

மெயின் சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் யாரோ சம்பால் கையை அதில் அப்பிவைத்திருந்தார்கள். டிஷ்யூ தேடி எடுத்து, துடைத்துவிட்டு, அணைத்தேன். அதற்குள் அலறல் நின்றிருந்தது.

அக்காவை நான் தொடவே இல்லை, சார். வேண்டுமானால் என் கையை முகர்ந்து பாருங்கள். சோப்பு வாசனைதான் வரும்.