செல்வமேரியின் கூடுதல் தாள்

அவையை நடத்தி அழகு சேர்க்கும் தலைவர், இந்தக் கட்டடத்துக்கு இடம் தந்த பெரியவர் அரிகிருஷ்ணன் அவர்களே. கடனுக்கும் கவலைக்கும் நடுவில் நின்று இந்தக் கணினித் தேர்வு மையத்தைக் கட்டி முடித்திருக்கும் தம்பி தனசிங் அவர்களே. சிட்லபாக்கத்திலிருந்தும் சேலையூரிலிருந்தும் செம்பாக்கத்திலிருந்தும் சித்திரை வெயிலைச் சட்டை செய்யாமல் வந்திருக்கும் சான்றோர்களே. பிள்ளை படித்துவிட மாட்டானா, பெண் பிழைத்துக்கொள்ள மாட்டாளா என்று அடுப்படியிலும் ஆண்டவன் சந்நிதியிலும் ஒரே வேண்டுதலை வைத்திருக்கும் தாய்மார்களே. நாளைக்கு இந்தக் கதவுக்குள் நுழையப் போகும் இளைஞர்களே, இளம்பெண்களே. உங்கள் அனைவருக்கும் முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்ற இந்தக் கஸ்தூரிரங்கனின் வணக்கம்.

கணினித் தேர்வு என்றால் என்ன, அதனால் விளையும் நன்மை என்ன என்று பேசும்படி தம்பி தனசிங் கேட்டுக்கொண்டார். பேசுகிறேன். ஆனால் அந்த நன்மையை நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் அல்ல. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் கற்றுக்கொண்டேன். அதையும் சொல்வேன். சொன்ன பிறகு நீங்கள் எனக்குக் கை தட்ட மாட்டீர்கள். தட்டவும் வேண்டாம்.

முதலில் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன். இருபது கணினிகள். ஒருவர் திரை அடுத்தவர் கண்ணில் படாதபடி இடையிடையே பலகைத் தடுப்பு. பதிவு எண்ணைத் தட்டினால் உங்கள் பெயர் திரையில் வருகிறது. பழகிப் பார்க்கப் பத்து நிமிடம் தருகிறார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. பிறகு கேள்வி வரும். ஒரு கேள்வி, நான்கு விடைகள். சரியென்று தோன்றும் விடையின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் அமுக்க வேண்டும். மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். சந்தேகமா, குறித்து வைத்துவிட்டுப் பிறகு திரும்பி வரலாம். மூலையில் ஒரு கடிகாரம் மிச்சமிருக்கும் நேரத்தைக் காட்டுகிறது. உங்களுக்கு முதலில் வரும் கேள்வி பக்கத்தில் இருப்பவருக்குப் பதினேழாவதாக வரும். எட்டிப் பார்த்தும் பயனில்லை. எந்தக் கேள்விக்கு நீங்கள் விடை தரவில்லை என்று முடிவில் அதுவே பட்டியலிட்டுக் கேட்கிறது. முடித்த கையோடு, நீங்கள் நாற்காலியை விட்டு எழுவதற்குள், மதிப்பெண் அச்சாகி வருகிறது.

பின்னாலிருந்து ஒரு தம்பி ஏதோ கேட்கிறார். உரக்கச் சொல்லுங்கள். "கரண்டு பூட்டா இன்னா சார் பண்றது, எழுதுனதெல்லாம் பூடுமா?" தாம்பரத்தில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான். போகாது தம்பி. மின்சாரம் நின்றால் கொஞ்ச நேரம் தாங்குவதற்கு மின்கலப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அதையும் மீறி அணைந்தால், நீங்கள் தொட்ட ஒவ்வொரு விடையும் தொட்ட அந்தக் கணமே அடுத்த அறையில் இருக்கும் பெரிய கணினியில் பதிந்திருக்கும். விட்ட இடத்திலிருந்து, மீதி நேரத்தோடு தொடரலாம்.

கட்டுரையைப் படித்துச் சுவைக்க இதற்குத் தெரியாது. கையெழுத்தின் அழகு இதற்குத் தெரியாது. தெரியாததையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் களைப்பு என்றால் இதற்குத் தெரியாது. அவசரம் என்றால் தெரியாது. அச்சம் என்றால் தெரியாது. இந்த மூன்றும் எனக்குத் தெரிந்திருந்தன. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, மே மாதம். ஒரு துறைக்கு எழுத்தர்களைத் தேர்ந்தெடுக்கும் எழுத்துத் தேர்வு. எந்தத் துறை என்பது இங்கே வேண்டாம். தவறு துறையுடையது அல்ல, என்னுடையது. தமிழ்த் தாளைத் திருத்த அழைக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். நகரத்தில் ஒரு பெரிய கூடம். நாளுக்கு நாற்பது விடைத்தாள். அன்று பிற்பகல் மின்விசிறி நின்றது. வியர்வை வழிந்து தாளில் சொட்டியது. ஐந்தேகால் ரயிலைப் பிடித்தால்தான் நேரத்தோடு வீடு சேரலாம். மீதி ஆறு தாள்கள் இருந்தன. புரட்டினேன், போட்டேன், கூட்டினேன். அந்த ஆறில் ஒன்றின் கடைசியில் நூலால் கட்டிய ஒரு கூடுதல் தாள் இருந்தது. அதை நான் புரட்டவில்லை. அறுபத்தொன்று என்று முகப்பில் எழுதிக் கையெழுத்திட்டேன். ரயிலையும் பிடித்துவிட்டேன்.

அந்தத் தாளுக்குரியவர் பெயர் செல்வமேரி. தாம்பரம் கடப்பேரியில் வீடு. தந்தை ஏசுபாதம், ரயில் பாதையில் வேலை செய்தவர், முன்பே காலமாகிவிட்டார். தாயார் ஞானம்மாள், மருத்துவமனை ஆயா. செல்வமேரி சானடோரியம் பக்கம் ஒரு துணிக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டே படித்தவர். வயது இருபத்தொன்பது. முப்பதோடு வயது வரம்பு முடிகிறது. அவருக்கு அதுதான் கடைசித் தேர்வு. நேர்காணலுக்குத் தேவை எழுபது மதிப்பெண். நான் போட்டதோ அறுபத்தொன்று.

மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தார். கூட்டலில் பிழையில்லை என்று பதில் வந்தது. உண்மைதான், கூட்டலில் பிழையில்லை; கூட்டாமல் விட்டதில்தான் பிழை. அவர் ஓயவில்லை. மனு மேல் மனு, படி மேல் படி என்று மூன்று ஆண்டுகள் ஏறி இறங்கினார். ஒருவழியாக விடைத்தாளைப் பழைய கட்டுகளிலிருந்து எடுத்தார்கள். எண்பத்தொன்பதாம் ஆண்டு என்னை விசாரணைக்கு அழைத்தார்கள்.

மேசையின் மேல் அந்தத் தாள் இருந்தது. முப்பத்திரண்டு பக்கமும் என் சிவப்பு மை. கடைசியில் ஒரு கூடுதல் தாள். அதில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. நின்றபடியே படித்தேன். ஒரு கடிதம், ஒரு கட்டுரை. சிட்லபாக்கம் ஏரியைப் பற்றி எழுதியிருந்தார். வீடுகள் பெருகப் பெருகத் தண்ணீர் எப்படி ஒதுங்கி ஒதுங்கிப் போகிறது என்று, அலங்காரம் இல்லாமல், பார்த்ததை எழுதியிருந்தார். இருபதுக்குப் பதினாறு தரலாம். என் மனம் அந்த இடத்திலேயே போட்டுவிட்டது. அறுபத்தொன்றும் பதினாறும் எழுபத்தேழு.

அவையோரே, அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "பார்க்கத் தவறிவிட்டேன்" என்ற இரண்டு சொற்கள். இரண்டே சொற்கள். தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் அந்த ஆண்டு என் பெயர் இருந்தது. விசாரணை அதிகாரி, "இந்தக் கூடுதல் தாளில் தேர்வறைக் கண்காணிப்பாளர் கையெழுத்து இல்லையே" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். "நான் திருத்தியபோது இந்தக் கூடுதல் தாள் விடைத்தாளோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.

என்ன அர்த்தம் அதற்கு? யாரையோ பிடித்து, எப்படியோ உள்ளே நுழைந்து, பின்னால் கொண்டுவந்து சொருகிவிட்டாள் என்று அர்த்தம். திருடி என்று அர்த்தம். திருத்துவதற்குச் சென்ற நான், தீர்த்துவிட்டு வந்தேன்.

அவரையும் அழைத்தார்கள். சுற்றி ஒரு பத்துப் பேர் இருந்திருப்போம். நீல நிறப் புடைவை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிகாரி கேட்டார், "கூடுதல் தாள்ல சூப்பர்வைசர் கையெழுத்து இல்லையேம்மா?"

"அவர் போட மறந்துட்டார் சார். நான் கேட்டேன். அப்புறமா போடறேன்னு நூல் மட்டும் குடுத்துட்டுப் போயிட்டாரு. நான்தான் கட்டினேன்" என்றார் செல்வமேரி. பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "சார், நீங்க பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லிடுங்க சார். வெயில் நாளு, எவ்வளவோ பேப்பரு, யாருக்கும் ஆவறதுதான். நான் தப்பா நெனைக்க மாட்டேன். நான் சொருகினேன்னு மட்டும் சொல்லாதீங்க சார்."

மன்னிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது யார்? மறுத்துவிட்டு நின்றது யார்? "என் வாக்குமூலத்தில் மாற்றமில்லை" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

மூன்றாண்டுகளுக்கு எந்தத் தேர்வும் எழுதக் கூடாது என்று உத்தரவு வந்தது. வயது எப்போதோ கடந்துவிட்டது. அந்த உத்தரவுக்குத் தேவையே இல்லை. ஆனால் அது ஊருக்குத் தெரிந்தது. இரும்புலியூரில் பேசி வைத்திருந்த சம்பந்தம், "பொண்ணு மேல ஏதோ கேஸ் கீதாமே" என்ற ஒற்றைக் கேள்வியோடு நின்றுபோனது. அவர் தொடர்ந்து காலர் தைத்தார். நான் தலைமையாசிரியர் ஆனேன். மாலை போட்டார்கள். ஒழுக்கம் பற்றி ஓராயிரம் முறை மாணவர்களிடம் பேசினேன்.

ஓய்வு பெற்று மூன்றாண்டு கழித்து, ஓய்வூதியக் காகிதங்களைத் தேடும்போது அந்த வாக்குமூலத்தின் நகல் கையில் கிடைத்தது. என் கையெழுத்து அழகாக இருந்தது. அன்று மதியமே கிளம்பினேன். துணிக் கம்பெனியில் விசாரித்துக் கடப்பேரிக்குப் போனேன். ஞானம்மாள் கதவைத் திறந்தார்.

"செல்வமேரி இருக்காங்களா?"

"அது பூடுச்சு சார். ரெண்டு வருசம் ஆவுது. மஞ்சக் காமாலை. நீங்க யாரு?"

வாசலிலேயே நின்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் நின்றுகொண்டே கேட்டார். அழவில்லை. திட்டவில்லை. உள்ளே வரும்படியும் சொல்லவில்லை. சொன்னார்: "இத்த எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? எம் பொண்ணு அப்டி பண்லைன்னு எனக்குத் தெரியும். அவளும் சொல்லிகினேதான் செத்தா. பத்துப் பேரு முன்னாடி அவள திருடின்னு சொன்னீங்க. போய் பத்துப் பேரு முன்னாடி இல்லைன்னு சொல்லுங்க."

விசாரணை நடந்த அந்த அலுவலகத்துக்குப் போனேன். உண்மையை எழுதி நீட்டினேன். காலக்கெடு முடிந்த ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன, மேல் நடவடிக்கைக்கு இடமில்லை என்று பதில் வந்தது. தாள் இல்லை. கோப்பு இல்லை. குற்றம் சுமத்திய நான் இருக்கிறேன், குற்றமற்றவர் இல்லை. இரண்டு ஆண்டுகளாக ஒரு மேடைக்குக் காத்திருந்தேன். தம்பி தனசிங் வந்து கேட்டார், ஒப்புக்கொண்டேன். ஞானம்மாள் அவர்களையும் வரச் சொன்னேன். வந்திருக்கிறார். தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

தலைவர் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "திறப்பு விழாவில் இது வேண்டாமே" என்று எழுதியிருக்கிறார். பெரியவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். கதவைத் திறக்கும் நாளில்தான் இதைச் சொல்ல வேண்டும். திறந்த பிறகு சொன்னால் கேட்க யாருக்கும் நேரமிருக்காது.

தம்பி தனசிங், உங்கள் கணினி ஒரு பக்கத்தையும் புரட்டாமல் விடாது. ஒரு விடையையும் விட்டுவிட்டுக் கூட்டாது. யார் எந்த நிமிடம் எந்த விடையைத் தொட்டார் என்று எழுதி வைத்துக்கொள்ளும். நாளைக்கு யாரும், "அப்போது இல்லை, பிறகு சொருகினாள்" என்று சொல்ல முடியாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இது இருந்திருந்தால் ஒரு பெண் தன் பெயரோடு வாழ்ந்திருப்பாள். இதைவிடப் பெரிய நன்மை எனக்குத் தெரியாது.

ஆனாலும் கேளுங்கள். அந்தப் பெட்டிக்குள் சரியான விடை எது என்று பதிந்து வைத்தவர் மனிதர். அவர் தவறலாம். கம்பி அறுந்து போகலாம், திரை உறைந்து போகலாம். அன்றைக்கு ஒரு பிள்ளை எழுந்து, "சார், இதுல ஏதோ தப்பு இருக்கு" என்பாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பது கணினி அல்ல; நீங்கள்தான். உங்களுக்கும் ஒரு பதவி இருக்கும், ஒரு பெயர் இருக்கும், இழக்கப் பயப்படும் ஏதோ ஒன்று இருக்கும். "கணினி தவறாது" என்று சொல்லிவிடுவது சுலபம். நான் சொன்னதும் அப்படிச் சுலபமானதுதான். அவளைப் பொய்யாக்குவதற்கு முன்னால் பதிவை எடுத்துப் பாருங்கள். பார்க்கத் தவறியிருந்தால், தவறினேன் என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல ஒரு கணினியாலும் முடியாது. மனிதனால் மட்டுமே முடியும். முடிகிறபோதே சொல்லிவிட வேண்டும்.

இங்கே பத்துப் பேருக்கு மேல் இருக்கிறீர்கள். சாட்சியாக இருங்கள். எண்பத்தாறாம் ஆண்டு எழுத்தர் தேர்வில் செல்வமேரி பெற்ற மதிப்பெண் எழுபத்தேழு. கூடுதல் தாளை அவரே எழுதினார், அங்கேயே கட்டினார். பொய் சொன்னவன் கஸ்தூரிரங்கன்.

அம்மா ஏதோ சொல்கிறார். அமைதியாக இருங்கள், ஒலிபெருக்கியைக் குறையுங்கள். என்னம்மா? "முழுசா சொல்லுங்க. ஏசுபாதம் பொண்ணுன்னு சொல்லுங்க" என்கிறார்.

கடப்பேரி ஏசுபாதம், ஞானம்மாள் ஆகியோரின் மகள் செல்வமேரி. எழுபத்தேழு. தேர்ச்சி.

ஞானம்மாள் எழுந்துவிட்டார். போகிறார். யாரும் தடுக்க வேண்டாம். சமாதானம் சொல்ல யாரும் பின்னால் போக வேண்டாம். கேட்க வந்ததைக் கேட்டுவிட்டார். என்னை மன்னிக்கும் கடமை அவருக்கு இல்லை. பின்வரிசைத் தம்பிகளே, நாற்காலியை நகர்த்தி வழி விடுங்கள். வாசலில் அவருடைய செருப்பை எடுத்துக் கொடுங்கள்.

பேச இடம் தந்த தலைவருக்கும், இந்த மையத்தை நிறுவிய தம்பிக்கும், எழுந்து போகாமல் இருந்து கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.