இருபது வருஷக் கடன்

— மறுபடியும் ரெண்டு வருஷத்துலயே நிக்கறீங்களேம்மா. அந்த வீட்டுக் கடன்ல முதல் ரெண்டு வருஷம்தான் வட்டி கம்மி. அப்புறம் அது இஷ்டத்துக்கு ஏறும். இருபது வருஷத்துக்கும் ஒரே வட்டின்னு இன்னொண்ணு இருக்கு, அதை எடுத்துட்டு நிம்மதியா தூங்குங்க. கவலையே வேண்டாம்.

— அதுல நடுவுல வீட்டை வித்துட்டுப் போனா அபராதம் கேப்பீங்களே சார்.

— கேப்போம். ஆனா உங்களுக்கு ஆஸ்பத்திரி லேப்ல நிரந்தர வேலை, டிரான்ஸ்ஃபரும் கிடையாது. நீங்க எதுக்கு விக்கப் போறீங்க?

— எங்க அக்காவுக்கு ஒரே இடத்துல உக்காந்தா முள்ளு குத்தும் சார். இப்பவே பாருங்க, வாசல் தெரியற நாற்காலிதான் வேணும்னு என்னை எழுப்பி விட்டுட்டா.

— நீ கொஞ்சம் சும்மா இருடி. சார், அடையாள அட்டையில இருக்கற பழைய அட்ரஸுக்குத் தபால் எதுவும் அனுப்ப வேண்டாம்னு சொல்லியிருந்தேன்.

— ஒரு தபால்கூடப் போகலம்மா. கவலையே வேண்டாம். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க, நான் இதை ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடறேன்.

— போயிட்டார். இப்போ சொல்லுக்கா, ரெண்டு வருஷம்னு அது என்ன கணக்கு?

— அதுக்குள்ள அவன் மோப்பம் பிடிச்சு வந்துடறான். மூணு ஊர் மாறியாச்சு. கடைசியா மாடிப்படியில உக்காந்திருந்தானே, ஞாபகம் இருக்கா? நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும், செருப்பைக்கூடக் கழட்டாம.

— இருக்கு. ஒடிஞ்ச உன் கை எலும்பு சேர எவ்வளவு நாள் ஆச்சுன்னும் ஞாபகம் இருக்கு.

— அப்புறம் ஏன் கேக்கற? திடீர்னு கிளம்பினா சாவியை உன்கிட்ட குடுத்துட்டுப் போயிடுவேன். நீ வித்துக் கடனை அடைக்கணும். அபராதமெல்லாம் நம்மால கட்ட முடியாது.

— இவ்வளவு பாடு எதுக்கு? வாடகைக்கே இருந்துடேன்.

— வாடகைக்கு விடறவங்க முதல்ல கேக்கறதே புருஷன் எங்கேன்னுதான். போன தடவை அந்த ஓனரம்மாதானே நல்லது பண்றதா நெனச்சு அவனுக்குப் போன் போட்டா? சேர்த்து வைக்கறாளாம்! சொந்த வீடுன்னா அந்தக் கேள்வி கேக்க ஆள் இல்ல.

— சொந்த வீடு வாங்கினா அங்கேயே இருக்கணும்க்கா. போன் நம்பரை மாத்தின, முடியை வெட்டின, அம்மாகிட்டகூட ஊர் பேரைச் சொல்லல. ஆனா கட்டிவச்ச பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியிலயே கிடக்கு. தூக்கிப் பரண்ல போடுக்கா.

— பயமா இருக்குடி.

— எனக்கும்தான். ஆனா வாங்கப் போற வீட்டைப் பாக்கப் போனப்போ, அந்தச் சமையலறையில நின்னு நீ சிரிச்ச பாரு. அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

— ஜன்னல் வழியா வெயில் வந்துச்சு. அவ்வளவுதான்.

— சரி, அந்த வெயிலுக்காகவாவது ஒரு இடத்துல இரேன்.

— ஓடி ஓடி அலுத்துப் போச்சுடி. உண்மையைச் சொன்னா, இன்னொரு தடவை ஓட என்கிட்ட தெம்பும் இல்ல.

— என்னம்மா, பேசியாச்சா?

— ஆச்சு சார். இருபது வருஷத்துக்கே போட்டுடுங்க.

— அப்பாடா! சார் ஆசைப்பட்ட மாதிரியே ஆச்சு.

— எந்த சார்?

— உங்க வீட்டுக்காரர்தாம்மா. திடீர்னு வந்து நிக்கணும், சொல்லிடாதீங்கன்னார். என் வாய் சும்மா இருக்குதா!

— தபாலே போகலன்னு எங்க அக்காகிட்ட சொன்னீங்களே சார்!

— தபால் போகலையே. எங்க ஆள்தான் அந்தப் பழைய அட்ரஸுக்கு நேர்ல விசாரிக்கப் போனான். கடன் கேக்கற எல்லாருக்கும் பண்றதுதான். கதவைத் திறந்ததே அவர்தானாம். தங்கமான மனுஷன். இன்னிக்கு நாங்க பேங்கைத் திறக்கறதுக்கு முன்னாடியே வந்து படியில உக்காந்திருந்தார். நீங்க வர்ற நேரம் பாத்து எதிர்க் கடைப் பக்கம் ஒதுங்கிட்டார்.

— அக்கா, எழுந்திரு. எழுந்திருக்கா.

— சார், பின்பக்கமா வெளியே போக வழி இருக்கா?

— என்னம்மா அவசரம்? கையெழுத்தைப் போட்டுட்டு ரெண்டு பேருமா சேர்ந்தே போங்க, வெளியிலதான் நிக்கறார். கவலையே வேண்டாம். 'இருபது வருஷத்துக்கே போடுங்க சார், இனிமே அவ எங்கேயும் போக மாட்டா'ன்னு எவ்வளவு ஆசையா சொன்னார் தெரியுமா?