பெயர் தெரியாத மூதாட்டியின் குரல்

அக்கா: கையை எடு. இந்த நோட்டீஸை முழுசாப் படிக்கணும்.

தம்பி: அக்கா, இது மேடைக்குப் பின்னாடி ரூம். வெளியாளை விடமாட்டாங்க. நீ எப்படி...

அக்கா: பாட்டுக்காரருக்கு இஸ்திரி போட்ட சட்டை கொண்டாந்திருக்கேன்னேன், விட்டுட்டாங்க. பேச்சை மாத்தாதே. "வேரின் மின்னோட்டம். நூற்றாண்டுகளின் மறதியைத் துளைத்து எழும், மறைந்துபோன ஒரு மூதாட்டியின் பெயரற்ற குரல்." யாருடா மூதாட்டி?

தம்பி: அது... கொஞ்சம் கவித்துவமா...

அக்கா: எனக்கு நாப்பத்திரெண்டு வயசு!

தம்பி: மெதுவா! ஏதாவது மைக் ஆன்ல இருக்கப் போகுது.

அக்கா: இருக்கட்டும். நான் பாடி போன்ல அனுப்பின பாட்டு, பெயரற்ற குரலாம். காய்ச்சல்னா மட்டும் அதே போன்ல என் பேரு உனக்குக் கிடைக்குது, இல்ல?

தம்பி: பேரு போட்டா அது நாட்டார் பாட்டே இல்லக்கா. யாரு கட்டினது, யாரு பாடினதுன்னு தெரியக்கூடாது. அதுக்குப் பேருதான் கூட்டு நினைவு.

அக்கா: வாசல்ல ஆளுயரத்துக்கு உன் பேரு தொங்குதே, அது?

தம்பி: அது... நவீனம்.

அக்கா: செருப்பு பிஞ்சிடும்.

தம்பி: நான் சும்மாவா இருந்தேன்? ஒலியைப் பிரிச்சு, உடைச்சு, பதினாறு மடங்கு இழுத்திருக்கேன். ரெண்டு நிமிஷப் பாட்டு, இப்ப அரை மணி நேரம் ஓடும்.

அக்கா: கேட்டேன், வர்ற வழியில. கிணத்துல விழுந்த எருமை கத்தற மாதிரி இருக்கு. அதுகூடப் போகட்டும். "மறைந்துபோன"வா? குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன் உன் முன்னாடி!

தம்பி: விழாக்குழுவுல கேட்டாங்க, பாடினவங்க இருக்காங்களான்னு. இருக்காங்கன்னா மேடைக்குக் கூப்பிடுவாங்க. நீ வந்து... ஏதாவது பேசி வெப்பே.

அக்கா: அதனால கொன்னுட்டே.

தம்பி: கொல்லல. இல்லைன்னு மட்டும் சொன்னேன்.

அக்கா: பின்பக்கத்துல இது என்ன? "நிகழ்ச்சிக்கு முன், அன்னாருக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி"... டேய்! எனக்கு நானே எந்திரிச்சு நிக்கணுமா?

தம்பி: நீ வேணா உக்காந்துக்கோ.

அக்கா: மேடை எந்தப் பக்கம்?

தம்பி: அக்கா...

அக்கா: பன்னெண்டு மணி நேரம் ஃபேக்டரியில நின்னுக்கிட்டு இஸ்திரி போடறவடா நான். நின்னு பழக்கம் இருக்கு. மைக்கைப் பிடிச்சு, செத்தவ வந்திருக்கேன்னு சொல்லிட்டு, அங்கேயே பாடியும் காட்டறேன். வழி விடு.

தம்பி: சரி, சரி! பேரு போட்டுடறேன். ஆரம்பிக்கும்போதே நானே அறிவிக்கறேன். "என் உடன்பிறந்த அக்கா, இஸ்திரிப் பிரிவு"ன்னு உன் ஃபேக்டரி பேரையும் சேர்த்தே சொல்றேன். போதுமா? உங்க முதலாளிக்கும் குளுகுளுன்னு இருக்கும்.

அக்கா: அவருக்கு எதுக்குக் குளுகுளுன்னு இருக்கணும்?

தம்பி: ...முன்வரிசையில உக்காந்திருக்காரே.

அக்கா: எங்க முதலாளியா?

தம்பி: நிகழ்ச்சியே அவரு தயவுலதான் நடக்குது. உன்கிட்ட சொன்னா சண்டைக்கு வருவேன்னு... சொல்லல.

அக்கா: பாட்டை அவரு... கேட்டுட்டாரா?

தம்பி: நேத்து ஒத்திகைக்கு வந்தாரு. கண்ணை மூடிக் கேட்டாரு. தாரைதாரையாக் கண்ணீர். "தம்பி, இது என்னைப் பத்தியே பாடின மாதிரி இருக்கு"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. தினமும் காலையில ஃபேக்டரி வாசல்ல இதைத்தான் போடணுமாம்.

அக்கா: தினமுமா? வாசல்லயா?

தம்பி: ஆமா. ஏன்க்கா?

அக்கா: பேரு வேண்டாம்.

தம்பி: என்னது?

அக்கா: மூதாட்டியே இருக்கட்டும். மறைஞ்சே போயிருக்கட்டும்.

தம்பி: இவ்வளவு நேரம் வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சியே!

அக்கா: வார்த்தையைக் கேட்டியாடா நீ?

தம்பி: வார்த்தையா? நீ அனுப்பின உடனே மிஷின்ல ஏத்திட்டேன். திரையில அலைதான் பார்த்தேன். நல்லா சோகமா ஏறி இறங்குச்சு. கொள்ளுப்பாட்டி காலத்துப் பாட்டுன்னு நீதானே சொன்னே?

அக்கா: பழசு வேணும், பழசு வேணும்னு நச்சரிச்சே. கையில துணி பொசுங்குது. வாயில வந்ததைச் சொல்லி வெச்சேன்.

தம்பி: அக்கா! இதைப் பத்தி மூணு பல்கலைக்கழகத்துல பேசியிருக்கேன்! அழுதுக்கிட்டே பேசியிருக்கேன்! அப்ப அது என்னதான் பாட்டு?

அக்கா: போன வருஷம் நாங்க நாப்பது பேரு சேர்ந்து கட்டினது. பாத்ரூமுக்கு நாளைக்கு ரெண்டே தடவைன்னு உத்தரவு போட்டான் பாரு, உன் முன்வரிசைக் கண்ணீர்க்காரன்... அவனைத்தான் தலையில இருக்கிற டோப்பாவிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு அடி விடாம கிழிச்சிருக்கோம். வாசல்ல தாராளமாப் போடட்டும். ஆனா உனக்குப் புண்ணியமாப் போகும், நீ இழுத்த இழுப்பிலேயே போடச் சொல்லு... கொஞ்சம் வேகம் கூடினாலும் நாப்பது பேர் சீட்டும் கிழிஞ்சிடும்.