ஒரே லாரியில் வந்த காய்ச்சல்

லாரி ஓட்டும்போது எனக்குத் தூக்கமே வராது சார். மாற்று டிரைவர் அன்பரசன் பக்கத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவான். சின்ன வயசு, என் மேல் உயிர்.

விஸ்வநத்தத்தில் பட்டாசு லோடு ஏற்றி ஒடிசாவில் இறக்கினோம். திரும்பும்போது காட்டோரம் வண்டி படுத்துவிட்டது. அங்கேயே தங்கினோம், கொசு பிடுங்கி எடுத்தது.

ஊர் வந்ததும் குளிர்காய்ச்சல் எனக்குத்தான் முதலில். ரத்தம் பார்த்து மலேரியா என்றார்கள். கொடுத்த மாத்திரையை விழுங்கினேன், எழுந்துவிட்டேன். சுகாதார ஆய்வாளர் வந்து, கூட யார் போனது என்று கேட்டார்.

"ஒத்தையாத்தான் போனேன் சார்" என்றேன். தீபாவளி சீசன். ரத்தம் பார்க்கணும், ஓய்வெடு என்று அவனையும் பிடித்து உட்கார வைத்தால் அடுத்த லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். அவனும் அப்போது கல்லுக்குண்டு மாதிரிதான் இருந்தான்.

பிறகு அவன் மனைவி பானுப்பிரியா போன் செய்தாள். "அண்ணே, இவுக ஒடம்பு அனலாக் கொதிக்கு. உங்களுக்கு வந்தது என்ன காய்ச்சல்ணே?"

"சளிக்காய்ச்சல்தான் தாயி. கசாயம் வச்சுக் குடு."

சொன்ன பொய்யை மாற்ற வெட்கம் சார். எனக்கு லேசாக வந்தது அவனுக்கு மட்டும் முற்றிவிடுமா என்றும் நினைத்தேன். ஆள் தெரியாமல் உளறுகிறான் என்று மறுபடி அழைத்தாள். தூங்கட்டும் என்றேன். வலிப்பு வந்த பிறகுதான் மதுரைக்குக் கொண்டு போனோம். நான்தான் கார் ஓட்டினேன். அவன் பிழைக்கவில்லை.

அங்கே டாக்டரைத் தனியாகப் பார்த்து உண்மையைச் சொன்னேன். ஒரே இடத்தில் கடித்த கொசுதானே, எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டேன்.

"மலேரியாக் கிருமி எல்லாம் ஒண்ணுபோல இருக்காதுப்பா. மரபணு மாறும். சில வகை புகுந்த ரத்த அணு மூளைக் குழாய்ல போய் ஒட்டிக்கிடும். அது ஒரு காரணமா இருக்கலாம்" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அது ஆறுதலாக இருந்தது. சொல்லவே நாக்கூசுகிறது.

கருமாதியன்று பானுப்பிரியா கேட்டாள். "இவுகளுக்கு மட்டும் ஏண்ணே இப்பிடி?"

"அவனுக்கு வந்த கிருமியோட மரபணு அப்பிடித்தான். யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

"நீங்க எங்களுக்காக எம்புட்டு அலைஞ்சீக. சாப்பிட்டுப் போங்கண்ணே" என்று இலை போட்டாள். சாப்பிட்டேன் சார்.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். எந்த வகைக் கிருமியானாலும் முதல் காய்ச்சலிலேயே மாத்திரை போயிருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பான் என்று. அதை அவள் தாங்கமாட்டாள் என்றுதான் இன்னும் சொல்லாமல் இருக்கிறேன்.