துண்டு கேபிள்

அனல்மின் நிலையக் குவார்ட்டர்ஸில், எங்கள் பிளாக்கில் காயப்போட்ட துணியைக் காலையிலேயே எடுத்துவிட வேண்டும் சார். விட்டால் நிலக்கரிச் சாம்பல் படிந்துவிடும். என் வயரையும் வாரம் ஒருமுறை துடைத்துவிடுவேன்.

அமெச்சூர் ரேடியோவுக்கு நான் கட்டிய ஆன்டெனா அது. முறையாக இருபது மீட்டர் வேண்டும். குவார்ட்டர்ஸில் இடமிருந்தது பத்துக்குத்தான். மிச்சத்தை பிவிசி குழாயில் சுருளாகச் சுற்றி, சுற்றுகளைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, அலைவரிசைக்குப் படிய வைக்க மூன்று வருஷமாயிற்று. நுனியை வேப்பமரத்தில் கட்டினேன். மனைவி ஜெயசெல்வி போனபிறகு எனக்குப் பேச்சுத்துணை அந்த வயர்தான்.

பக்கத்து வீட்டு சங்கரலிங்கமும் ரேடியோக்காரன். நான் பேசினால் அவன் செட்டில் ஒரே இரைச்சலாம். 'ஆரோக்கியதாஸ் அடுத்தவருக்கு இடைஞ்சல் செய்கிறார்' என்று ஆபீசில் எழுதிக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் கழற்றச் சொல்லி உத்தரவும் வாங்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை அவனே ஏணியோடு வந்தான்.

"உங்க முட்டிவலிக்கு ஏற வேணாம் தாஸ் சார். நானே அவுத்துடறேன். மனசுல வச்சிக்காதீங்க."

அந்தப் பரிவைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

ரேடியோக்காரர்கள் எங்களுக்குள் ஒரு வழக்கம். வயரில் கை வைக்கும் முன், அதைச் செட்டோடு இணைக்கும் முழநீளத் துண்டு கேபிளைக் கழற்றி, ஏறுகிறவன் கையில் கொடுத்துவிட வேண்டும். அது அவனிடம் இருக்கும்வரை செட் ஊமை. நான் கொடுத்ததை அவன் பார்க்காமலேயே சட்டைப் பையில் செருகிக்கொண்டான். டிராயரில் கிடந்த பழைய துண்டு அது. செட்டில் இருந்ததை நான் கழற்றவில்லை.

பேசும்போது வயர் நுனியைத் தொட்டால் சுரீரென்று சுடும். அதில் ஆள் சாகமாட்டான். கையை உதறுவான், அவ்வளவுதான். மரத்தடியில் துவைக்கும் கல் இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருக்கும். நான் நகர்த்திப் போடவில்லை.

ஏணியில் ஏறிய அவன் கை நுனியைப் பிடித்ததை ஜன்னலில் பார்த்தேன். மைக் பொத்தானை அழுத்தினேன். எடுத்த எடுப்பில் பேசிவிடக் கூடாது. இந்த அலைவரிசையில் யாராவது பேசிக்கொண்டிருக்கிறீர்களா என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டேன். அந்த முதல் தடவையிலேயே கல்மேல் விழுந்துவிட்டான். அவன் மனைவி பிரபாவதி, "என்னங்க, என்னங்க" என்று ஓடிவந்தது கேட்டது. முறைப்படி இரண்டாவது தடவையும் கேட்டு, பதில் வருகிறதா என்று பொறுத்திருந்துவிட்டுத்தான் வெளியே போனேன்.

அடுத்தவருக்கு இடைஞ்சல் செய்கிறவன் என்று அவன் எழுதிக் கொடுத்தது பொய் சார்.